எதிரே ஆஸ்பத்திரி, கையில் ஃபைபர் இணைப்பு: காசுக்கு வைஃபை கொடுக்கலாமா?

தாலுகா தலைநகர் ஒன்றில், அரசு மருத்துவமனைக்கு எதிரே ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டேன்.

உள்நோயாளிகளுக்குத் துணையாகத் தங்குகிறவர்கள் டேட்டா தீர்ந்துபோய் அவர் கடைக்கு வருகிறார்கள். "அண்ணே, கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போடுங்க, ஊர்ல இருந்து காசு அனுப்பியிருக்காங்களான்னு பாக்கணும்" என்று கேட்கிறார்கள். பக்கத்து மேன்ஷனில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களும் ராத்திரி வீடியோ கால் பேச இடம் தேடுகிறார்கள். கடையில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. அது மனைவியின் பெயரில் வீட்டு உபயோகத் திட்டத்தில் எடுத்தது. அதையே பிரித்து, நாளுக்கு 10 ரூபாய் என்று சீட்டு அடித்துக் கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. வருகிறவர்களின் ஆதார் நகலை வாங்கி, பெயர், நம்பரை நோட்டில் எழுதிவைத்தால் போதும் என்று நினைக்கிறார். வைஃபைக்கு என்று காசு வாங்காமல் ஜெராக்ஸ் கணக்கில் சேர்த்துவிடலாம் என்பது மச்சான் சொல்லும் வழி. மேன்ஷன் உரிமையாளரோ 22 அறைகளுக்கும் கேபிள் இழுத்துக் கொடுக்கச் சொல்கிறார். இதற்கிடையில், "அரசு அங்கீகாரம் பெற்ற வைஃபை ஃபிரான்சைஸ்" என்று ஒருவர் வந்து, மொத்த செட்டும் 1,25,000 ரூபாய், மாதம் 30,000 ரூபாய் வருமானம் உறுதி என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு 10,000 ரூபாய் அட்வான்ஸும் யு.பி.ஐ. மூலம் போய்விட்டது.

"நான் லைன் மட்டும்தானே கொடுக்கிறேன். அவங்க எதைப் பார்த்தா எனக்கென்ன சார்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் யோசனை நல்ல யோசனை. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் காத்திருப்பவருக்கு இணைய இணைப்பு எவ்வளவு அவசியம் என்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். காசு வாங்கிக்கொண்டு வைஃபை கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு நீங்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டம் அந்த வழியில் இல்லை. இப்படியே தொடங்கினால், ஒரு நாள் போலீஸ் கடைக்கு வந்து கேட்கும் முதல் கேள்விக்கே உங்களால் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் லைசென்ஸ்.

லைசென்ஸ் யாருக்கு வேண்டாம்?

பொதுமக்களுக்குக் கட்டணத்தோடு இணையம் கொடுப்பது தொலைத்தொடர்புச் சேவை. அதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் அந்தச் சேவையைத் தருபவருக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்று ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது. சின்னக் கடைக்காரரைத் தேடிவந்து இதைப் பாய்ச்சுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் வேறு ஏதாவது ஒரு விவகாரத்தில் உங்கள் இணைப்பின் பெயர் வந்துவிட்டால், இந்தப் பிரிவும் கூடவே வந்து நிற்கும்.

"வைஃபை அலைவரிசைக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி 2018இலும் லைசென்ஸ் தேவையில்லாதவை ஆயின. ஆனால் அது அந்த அலைவரிசையில் ரவுட்டரை இயக்குவதற்கான விலக்கு. அந்த ரவுட்டர் வழியாக இணையத்தைக் காசுக்குக் கொடுப்பது தனி விஷயம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நிறையப் பேர் எனக்கு எழுதுகிறார்கள்.

உங்களைப் போன்ற கடைக்காரர்களுக்காகவே வந்த ஏற்பாடு பிஎம்-வாணி என்ற மத்திய அரசின் பொது வைஃபை திட்டம். 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் தந்தது. அதற்கு முன்பே 2017இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்த யோசனையைப் பரிந்துரைத்தபோது, அந்தக் கால எஸ்.டி.டி. பூத்துகளைத்தான் முன்மாதிரியாக வைத்தது. தெருவுக்குத் தெரு பூத் வைத்திருந்தவர்கள் டெலிபோன் கம்பெனி நடத்தவில்லை. லைனையும் மீட்டரையும் வேறொருவர் கொடுக்க, கடைக்காரர் ஆளை உட்காரவைத்துப் பேசவைத்தார். பிஎம்-வாணியிலும் அப்படித்தான் வேலை பிரிந்திருக்கிறது. கடையில் வைஃபை கருவியை வைத்து நடத்துகிற உங்களுக்குப் பி.டி.ஓ. என்று பெயர். பல பி.டி.ஓ.க்களைச் சேர்த்து, யாரை உள்ளே விடுவது என்ற அனுமதியையும், எவ்வளவு பயன்படுத்தினார் என்ற கணக்கையும் பார்க்கும் நிறுவனம் பி.டி.ஓ.ஏ. வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும் ஹாட்ஸ்பாட்டைத் தேடி இணைய உதவும் செயலியைக் கொடுப்பவர் மூன்றாவது ஆள். இவர்களின் விவரமெல்லாம் இருக்கும் மையப் பதிவேட்டை அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் பராமரிக்கிறது.

இதில் பி.டி.ஓ.ஏ.வும் செயலி நிறுவனமும் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பி.டி.ஓ.வுக்கு லைசென்ஸ், துறையில் பதிவு, துறைக்குக் கட்டணம் மூன்றும் கிடையாது. இந்த விலக்கு இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிற பி.டி.ஓ.வுக்கு மட்டும்தான். தனியாக ஒரு ரவுட்டரும் சீட்டு அடிக்கும் மெஷினும் வாங்கி வைத்துக்கொண்டால் நீங்கள் பி.டி.ஓ. ஆகிவிட மாட்டீர்கள்.

வீட்டு இணைப்பையே பிரித்துக் கொடுத்தால்?

உங்கள் இணைப்புக்கான விண்ணப்பத்தின் பின்பக்கத்தை, அல்லது நிறுவனத்தின் செயலியில் இருக்கும் நிபந்தனைகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். வீட்டு உபயோகத் திட்டங்களில் மறுவிற்பனை கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். மீறினால் முன்னறிவிப்பில்லாமல் துண்டிக்கலாம் என்றும் இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் நாள் முழுக்க ஆள் உட்கார்ந்து வீடியோ பார்த்தால், "அன்லிமிடெட்" என்ற திட்டத்திலும் இருக்கிற மாத அளவு இருபதாம் தேதிக்குள் தீர்ந்து, வேகம் படுத்துவிடும். அப்போது உங்கள் கடை வேலையும் நின்றுபோகும்.

பி.டி.ஓ.க்கள் முன்பு பட்ட பெரிய கஷ்டம், நிறுவனங்கள் அவர்களிடம் கம்பெனிகளுக்கான லீஸ்டு லைன் (தனியாக ஒதுக்கப்படும் இணைப்பு) விலையைக் கேட்டதுதான். அந்த விலையில் பத்து ரூபாய் வைஃபை ஓடாது. 2018இன் தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை 2022க்குள் ஒரு கோடி பொது ஹாட்ஸ்பாட் என்று இலக்கு வைத்தது. நாடு அதன் பக்கத்தில்கூடப் போகாமல் சில லட்சத்தில் நின்றதற்கு இந்த விலை முக்கியக் காரணம். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025 ஜூனில் டிராய் பிறப்பித்த கட்டண ஆணைப்படி, வீடுகளுக்குக் கொடுக்கும் 200 எம்பிபிஎஸ் வரையிலான ஃபைபர் திட்டங்களை பி.டி.ஓ.க்களுக்கும் கொடுக்க வேண்டும். அதே வேகத்துக்கு வீட்டு வாடிக்கையாளர் கட்டுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. உங்கள் ஊர் அலுவலகத்தில் "அப்படி ஒரு பிளான் இல்லையே" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். ஆணையைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

புது இணைப்பை உங்கள் பெயரிலோ கடையின் பெயரிலோ எடுங்கள். மனைவி பெயரில் உள்ளது வீட்டுக்கே இருக்கட்டும். இது வெறும் பில் விஷயம் இல்லை. ஏதாவது நடந்தால் முதலில் விசாரிக்கப்படுவது சந்தாதாரர்தான். அந்த ராத்திரி கடையில் என்ன நடந்தது என்றே தெரியாத ஒருவர் ஸ்டேஷனில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

மச்சான் சொன்ன வழியையும் பார்த்துவிடுவோம். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர் காத்திருக்கும் நேரத்தில் இலவசமாக வைஃபை கொடுப்பதும், வைஃபைக்காக வருகிறவரிடம் ஜெராக்ஸ் என்று பில் போடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் நீங்கள் இணையத்தைத்தான் விற்கிறீர்கள், கூடவே பொய்யான பில்லும் போடுகிறீர்கள். ஒரு தவறை மறைக்க இன்னொன்று. தயவுசெய்து வேண்டாம்.

"அந்த நேரத்தில் உள்ளே இருந்தது யார்?"

முன்னே சொன்ன கேள்வி இதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கவலையே படாத விஷயம் இதுதான்.

உங்கள் ரவுட்டரில் ஒரே நேரத்தில் முப்பது போன் இருந்தாலும், வெளியுலகுக்குத் தெரிவது ஒரே ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண். யாரோ ஒருவர் உங்கள் வைஃபையில் உட்கார்ந்து ஒரு பெண்ணுக்கு மிரட்டல் அனுப்புகிறார், அல்லது ஒரு முதியவரின் வங்கிக் கணக்கில் கைவைக்கிறார் என்று வையுங்கள். சைபர் கிரைம் போலீசாரிடம் இருப்பது ஒரு ஐ.பி. முகவரி, தேதி, நேரம், சில சமயம் போர்ட் எண் (ஒரே ஐ.பி. முகவரிக்குள் ஓடும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்). அதை இணைய நிறுவனத்திடம் கொடுத்தால், நிறுவனம் சொல்லும் பெயர் சந்தாதாரரின் பெயர். அங்கிருந்து நேராக உங்கள் கடை. அந்த முப்பது பேரில் அந்த நிமிடம் அந்த வேலையைச் செய்தது எந்த போன், அது யாருடையது என்று காட்டும் பதிவு இருந்தால் விசாரணை உங்களைத் தாண்டிப் போகும். இல்லையென்றால் உங்களிடமே நிற்கும்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் ஐ.பி. முகவரியைத் தேடிப்போன போலீசார் நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றார்கள். அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவருக்கும் சதிக்கும் சம்பந்தமில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதற்குள் கணினிகள் போலீஸ் கைக்குப் போய், விசாரணை, செய்தித்தாள் என்று அவர் படாத பாடு பட்டார். அதற்கடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைப்பது பற்றித் தொலைத்தொடர்புத் துறை அறிவுறுத்தல்கள் வெளியிட்டது.

"நான் லைன் மட்டும்தானே கொடுக்கிறேன்" என்ற உங்கள் வாதம் பாதி சரி. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 79ஆவது பிரிவு, பிறர் அனுப்பும் தகவலுக்கு இடைநிலையாளர் (அதைக் கடத்திவிடுகிற இணைய சேவை தருபவர்) பொறுப்பல்ல என்கிறது. ஆனால் அது நிபந்தனையோடு வரும் பாதுகாப்பு. உரிய கவனத்தோடு நடந்துகொண்டேன், விதிகளைப் பின்பற்றினேன் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பதிவே வைக்காமல், அனுமதிக்கப்பட்ட ஏற்பாட்டுக்கு வெளியே இணையம் விற்றவர் அதை எப்படிக் காட்டுவார்? நீதிமன்றத்தில் கடைசியில் வெற்றி கிடைத்தாலும், அதுவரை கடையின் கம்ப்யூட்டரும் உங்கள் போனும் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிஎம்-வாணிக்குள் வந்தால், வாடிக்கையாளர் தன் மொபைல் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. மூலம் தன்னை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே உள்ளே போகிறார். அந்தச் சரிபார்ப்பும் பயன்பாட்டுக் கணக்கும் பி.டி.ஓ.ஏ.வும் செயலி நிறுவனமும் பார்க்கும் வேலை. தகவல்கள் இந்தியாவுக்குள்ளேயே வைக்கப்பட வேண்டும் என்பதும் திட்டத்தின் விதி. உங்கள் தலையில் இருந்த பெரிய சுமை வேறு தோளுக்குப் போய்விடுகிறது. ஆனால் ஒரு ஓட்டை மிஞ்சலாம். உள்ளே இருக்கும் போனையும் வெளியே தெரியும் ஐ.பி., போர்ட் எண்ணையும் இணைக்கும் பதிவு உங்கள் ரவுட்டரில் உருவாகிறது. பல மலிவான கருவிகள் அதை எங்கும் அனுப்பாமல் சில மணி நேரத்தில் அழித்துவிடும். "இந்தப் பதிவு உங்கள் சர்வருக்கு வருகிறதா, எத்தனை நாள் இருக்கும்?" என்று பி.டி.ஓ.ஏ.விடம் நேராகக் கேளுங்கள். ரவுட்டரின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாரம் போய்வந்ததும் நேரம் தவறாக ஓடுகிற கருவியின் பதிவு, அப்பாவியைக் காட்டிக்கொடுக்கும்.

போலீசார் விவரம் கேட்டால் ஒத்துழைக்க வேண்டும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் எழுத்தில் கேட்கச் சொல்லலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவில் அதற்கான வழி இருக்கிறது. நோட்டீஸ் நகலையும், எதை எப்போது கொடுத்தீர்கள் என்பதற்கான ஒப்புகையையும் கோப்பில் வையுங்கள். தெரிந்த ஒருவர் வந்து, "என் பொண்ணு யார்கிட்ட பேசறான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டால் அதற்கு உங்களிடம் ஒரே பதில்தான் இருக்க வேண்டும்: முடியாது.

ஆதார் நகலும் நோட்டும்

உங்கள் நோக்கம் நல்லதுதான், ஆள் அடையாளம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள். ஆனால் இந்த முறையில் தேவையானது கிடைக்காது, ஆபத்து மட்டும் சேரும். நோட்டில் "செல்வி, மதியம் 2 மணி" என்று இருந்தால், அந்த முப்பது போனில் செல்வியின் போன் எது என்று அது சொல்லாது. இன்றைய ஆண்ட்ராய்டு, ஐபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் புதிதாக ஒரு மேக் முகவரியை (நெட்வொர்க்கில் போனை அடையாளம் காட்டும் எண்) காட்டுவதால், கருவி எண்ணைக் குறித்துவைப்பதும் பெரிதாக உதவாது.

ஆபத்து எதில் என்றால், கவுன்டரில் கிடக்கும் அந்த நோட்டில் நூற்றுக்கணக்கான பெண்களின் பெயரும் நம்பரும் இருக்கும். கடைக்கு வருகிற ஒருவர் போனில் படம் எடுத்தால் போதும். ஆதார் நகல்களைச் சேர்த்து வைப்பது அதைவிட மோசம். அந்த நகலில் யாரோ சிம் வாங்கினால் தேடிவருவது உங்களைத்தான். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023க்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. காகிதத்தில் வாங்கினாலும் பிறகு ஸ்கேன் செய்தோ கம்ப்யூட்டரில் ஏற்றியோ வைத்தால் அந்தச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். தேவையில்லாத தகவலை வாங்காமலே இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. ஏற்கெனவே வாங்கியிருந்தால் உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள், முடியாதவற்றைக் கிழித்து அழித்துவிடுங்கள்.

மேன்ஷனின் 22 அறைகள்

கேபிள் இழுத்து அறைக்கு அறை இணைப்புக் கொடுத்து மாதக் காசு வாங்கினால், அது இணைய நிறுவனத்தின் வேலை. பி.டி.ஓ. விலக்கு வைஃபை மூலம் இணையம் தருவதற்கு. தெருவைத் தாண்டி ஈ.பி. கம்பத்தில் கேபிளைக் கட்டுவது தனிப் பிரச்சினை, உயிராபத்தும்கூட.

ஆனால் மேன்ஷனை விட வேண்டாம், உங்களுக்கு நிலையான வருமானம் அங்கிருந்துதான் வரும். மேன்ஷனுக்கே ஒரு தனி இணைப்பு எடுத்து, மாடிக்கு ஒரு வைஃபை கருவி வைத்து, அதையும் அதே பி.டி.ஓ.ஏ.வின் கீழ் கொண்டுவாருங்கள். உரிமையாளரே பி.டி.ஓ. ஆகலாம், அல்லது நீங்களே நடத்தி அவருக்கு வாடகை மாதிரி ஒரு பங்கு கொடுக்கலாம். எதுவானாலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தொழிலாளர்கள் உள்நுழையும் பக்கம் இந்தியிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். செயலி இருந்தால்தான் வைஃபை கிடைக்கும், டேட்டா தீர்ந்துபோனவர் அந்தச் செயலியை எப்படி இறக்குவார்? ஓ.டி.பி. குறுஞ்செய்திக்கு டேட்டா தேவையில்லை, செயலிக்குத் தேவை. உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் இந்த நிலையில்தான் வருவார்கள். உள்நுழையும் பக்கமும் செயலி இறக்கமும் இலவசமாகத் திறக்கும்படி வைத்திருக்கும் பி.டி.ஓ.ஏ.வைத் தேர்ந்தெடுங்கள். கையெழுத்துப் போடும் முன், டேட்டாவை அணைத்த ஒரு போனில் நீங்களே முழுசாகச் செய்து பாருங்கள்.

கருவி விஷயத்தில் என் எல்லைக்கு உட்பட்டு இரண்டே வார்த்தை. கடையின் கம்ப்யூட்டர், பிரின்டர், சிசிடிவி எதுவும் பொது வைஃபை ஓடும் நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது, பிரித்து வைக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் போன்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி வைக்கும் வசதி கருவியிலேயே இருக்கும், அதையும் போடச் சொல்லுங்கள். உங்கள் கடையில் அரசுச் சான்றிதழ் விண்ணப்பங்களும் செய்கிறீர்கள், அந்தக் கோப்புகள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

மாதம் 30,000 வருமா?

சரி, கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுத் திட்டம் 700 ரூபாய் என்றால் பி.டி.ஓ.வுக்கு அதிகபட்சம் 1,400. அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,652. மின்சாரம் 200. கருவிக்கும் பேட்டரிக்கும் 12,000 போட்டு இரண்டு ஆண்டில் எடுப்பதாக வைத்தால் மாதம் 500. ஆகமொத்தம் 2,352 ரூபாய். பத்து ரூபாய் சீட்டில் எல்லாம் போக உங்கள் கைக்கு 7 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு மட்டும் வர, மாதம் 336 சீட்டு விற்க வேண்டும், நாளுக்குப் பதினொன்று பன்னிரண்டு. அதற்கு மேல் விற்பதுதான் லாபம். நாளுக்கு 25 சீட்டு போனால் மாதம் சுமார் 2,900 ரூபாய் மிஞ்சும். அந்த ஃபிரான்சைஸ்காரர் சொன்ன 30,000 மிஞ்ச வேண்டுமென்றால் தினமும் சுமார் 154 சீட்டு விற்றாக வேண்டும்.

போட்டி யாரோடு என்பதும் முக்கியம். உங்கள் எதிராளி பக்கத்துக் கடை இல்லை, மலிவான மொபைல் டேட்டாதான். 2016 முதல் ரயில் நிலையங்களில் இலவச வைஃபை கொடுத்துவந்த கூகுள், 2020இல் அந்தத் திட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தபோது, டேட்டா மலிவாகிவிட்டதைத்தான் காரணமாகச் சொன்னது. உங்களுக்குச் சாதகமான விஷயங்களும் இருக்கின்றன: தடிமனான சுவர்களுக்குள் சிக்னல் கிடைக்காத வார்டு, தினசரி டேட்டா மாலைக்குள் தீர்ந்துவிடும் தொழிலாளர், ரீசார்ஜ் செய்ய முடியாமல் 10 ரூபாயோடு வருகிற துணையாள். ஜெராக்ஸ் கடைக்கு ஒரு துணை வருமானம், கூட்டத்தைக் கூட்டும் வசதி என்ற அளவில் இது நிற்கும். கடன் வாங்கி முதல் போடுகிற தொழிலாக நான் இதைப் பார்க்கவில்லை. ஆண்டு விற்றுமுதல் எல்லாக் கடை வேலைகளையும் சேர்த்து 20 லட்சத்தைத் தாண்டாத வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. ஆனால் பி.டி.ஓ.ஏ. பில் போடும் முறையை உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

பி.டி.ஓ.ஏ.வோடு கையெழுத்துப் போடும் முன்

நிறுவனத்தின் பெயர் பிஎம்-வாணியின் மையப் பதிவேட்டில் இருக்கிறதா என்று அரசு இணையதளத்தில் நீங்களே பாருங்கள். அவர்கள் அனுப்பும் சான்றிதழின் படத்தை நம்பாதீர்கள். ஒப்பந்தத்தில் நான் தேடுவது இவற்றை:

- உங்கள் பங்கு எத்தனை சதவீதம், ஜி.எஸ்.டி.க்கு முன்பா பின்பா, எந்தத் தேதிக்குள் வங்கிக்கு வரும்.
- பதிவுகளை வைப்பதும் போலீசுக்குப் பதில் சொல்வதும் அவர்கள் பொறுப்பு என்ற தெளிவான வரி. "அனைத்துப் பொறுப்பும் பி.டி.ஓ.வையே சாரும்" என்று இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம்.
- அவர்கள் விற்கும் கருவி வேறு பி.டி.ஓ.ஏ.விடம் மாறினாலும் வேலை செய்யுமா.
- விலகுவதற்கு எத்தனை நாள் நோட்டீஸ், அதற்கு அபராதம் உண்டா.
- காசு கட்டியவருக்கு இணைப்பு கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்புவது யார். கவுன்டரில் நின்று சத்தம் போடுகிறவர் உங்களிடம்தான் கேட்பார்.

அட்வான்ஸ் கொடுத்த 10,000 ரூபாய்

பி.டி.ஓ. ஆவதற்கு அரசு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. அரசு "ஃபிரான்சைஸ்" என்று யாரையும் நியமித்து வீடு வீடாக அனுப்புவதும் இல்லை. பிஎம்-வாணி பெயரில் வைஃபை பேனல் வைத்தால் மாத வாடகை, சம்பளம் என்று போலிக் கடிதங்கள் சுற்றியதையும், அவை போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அறிவித்ததையும் நீங்கள் கவனித்திருக்கலாம். உங்களிடம் வந்தவர் மோசடிக்காரர்தான் என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் முடிவு கட்ட மாட்டேன். உண்மையான பி.டி.ஓ.ஏ. ஒன்றுக்குக் கருவி விற்கும் டீலராகவும் இருக்கலாம். ஆனால் வருமானம் உறுதி என்று சொன்னதே அவரை நம்பாமல் இருக்கப் போதுமான காரணம். மீதி 1,15,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம்.

இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள்: எந்த பி.டி.ஓ.ஏ. சார்பில் வருகிறீர்கள், அதன் பதிவு விவரம் என்ன, பதினைந்து நாளில் தெரிவிக்காவிட்டால் 10,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கவும். போனில் பேசி முடிக்காதீர்கள். அவர் சொன்ன 30,000 ரூபாய் வாக்குறுதி துண்டுப் பிரசுரத்திலோ குறுஞ்செய்தியிலோ இருந்தால் அழிக்காமல் வையுங்கள். ஆளே கிடைக்கவில்லை, நம்பர் அணைந்துவிட்டது என்றால் காத்திருக்காமல் 1930 எண்ணில் சைபர் மோசடிப் புகார் கொடுங்கள். பணம் போன வழியை மறிக்க, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

ஆள் இருக்கிறார், பணம் மட்டும் தர மறுக்கிறார் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். "வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகத் தன் சொந்த உபயோகத்துக்குப் பொருள் வாங்கியவரை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. நீங்களும் உங்கள் மனைவியும் மட்டுமே நடத்தும் கடை என்பதால் அந்த வாதம் உங்களுக்கு நன்றாகவே பொருந்தும். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை என்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், அவர் கொடுத்த விசிட்டிங் கார்டு, நீங்கள் அனுப்பும் நோட்டீஸின் தபால் ரசீது, இந்த மூன்றையும் இப்போதே ஒரு கவரில் போட்டு வையுங்கள்.